மருத்துவர் வருமுன் அவர் சொல் வரட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

மழைக்காலத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேரிடர் நேரத்தில் தொலைபேசி வழி மருத்துவம் நமக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும், அதற்கு நாம் இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும் என்பதுதான் பொருள். நான் மருத்துவன் இல்லை. வணிகவியல் படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே வைத்தியம் சொல்லப் போவதில்லை. ஏற்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே பாருங்கள். முந்தல் தாண்டினால் மலைப்பாதைதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு, அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கம் குரங்கணி, கொட்டகுடி, டாப் ஸ்டேஷன். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போகும் தோட்டத் தொழிலாளிகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நம் குடியிருப்பிலும் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள், காய் வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கனமழையில் பாறை விழுந்தால் பாதை அடைபடும். மேலே இருப்பவர் மேலே, கீழே இருக்கும் மருத்துவர் கீழே.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொழுக்குமலைப் பாதையில் மலையேற்றம் வந்திருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கினார்கள். முதலில் அவர்களை எட்டியவர்கள் அந்த மலைக்கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம் அதற்குப் பிறகு. போர்வையிலும் தோளிலும் தூக்கி, இருட்டில் அந்தச் சரிவில் இறக்கினார்கள். நம் போடி அரசு மருத்துவமனை, தேனி மருத்துவக் கல்லூரி, மதுரை என்று கொண்டுபோனார்கள். மறுநாள் சொல்லப்பட்ட இறப்பு எண்ணிக்கை 9. அடுத்தடுத்த வாரங்களில் அது 20-ஐத் தாண்டியது. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையிலிருந்து உயிரோடு இறங்கி, பிறகு மருத்துவமனைகளில் இறந்தவர்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உடம்பில் பெரும்பகுதி வெந்தவரைக் காப்பாற்றுவது எந்த ஊரிலும் கடினம். ஆனால் தீக்காய மருத்துவத்தில் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், தூரத்து நிபுணரின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று புரியும்.

பெரிய தீக்காயத்தில் உடம்பின் நீர் வேகமாக இரத்தக் குழாயை விட்டு வெளியேறுகிறது. அதை நரம்பு வழியாக ஈடுகட்ட வேண்டும். அதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: உடல் எடையை வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை 4 மில்லி லிட்டரால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் 9,600 மில்லி, ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர். இது முதல் 24 மணி நேரத்துக்கு. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? மருத்துவமனை வாசலில் இறக்கிய நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. மலையிலேயே 5 மணி நேரம் போய்விட்டால் மிச்சம் 3 மணி நேரம்தான். இந்தக் கணக்கை நாம் போடக்கூடாது, அது மருத்துவர் வேலை. ஆனால் தீப்பட்டது எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு பரப்பு என்ற இரண்டு விவரத்தையும் அங்கே நிற்பவர்தான் சொல்ல முடியும். காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அதை அளவாக வைத்து ஒருவர் போனில் சொன்னாலே, அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவர் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, எதைத் தயாராக வைப்பது என்று முடிவெடுத்துவிடலாம்.

இதே மாதிரி ஒரு நிகழ்ச்சி உலகில் முன்பே நடந்திருக்கிறது. 1988 டிசம்பர் 7-ஆம் தேதி ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக ஆர்மீனிய மருத்துவர்களையும் அமெரிக்க மருத்துவமனைகளையும் இணைத்தது. பெயர் ஸ்பேஸ்பிரிட்ஜ், விண்வெளிப் பாலம். ஆனால் அந்த இணைப்பு ஓடத் தொடங்கும்போது 1989-இல் பல மாதங்கள் போய்விட்டன. இடிபாட்டிலிருந்து எடுத்தவர்களின் முதல் சிகிச்சைக்கு அது உதவவில்லை. பிந்தைய சிகிச்சைக்கே உதவியது. அந்த ஆண்டு ஜூனில் ரஷ்யாவின் உஃபா நகருக்கு அருகே, குழாயிலிருந்து கசிந்த எரிவாயு வெடித்து இரண்டு ரயில்கள் எரிந்தன. நூற்றுக்கணக்கானோருக்குத் தீக்காயம். அப்போது அந்தப் பாலம் ஏற்கெனவே இருந்தது. உஃபாவுக்கு அதை நீட்டினார்கள். தீக்காய நிபுணர்கள் உள்ளூர் மருத்துவர்களோடு பேசினார்கள். முதல் பேரிடருக்குப் பிந்தி வந்த கருவி, இரண்டாவதுக்கு முந்தி நின்றது. இன்று நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான்: நல்ல நாளில் ஓடாத இணைப்பு, கெட்ட நாளில் ஓடாது.

நல்ல நாளில் ஓடும் இணைப்புக்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள ஊர்களில் விஷன் சென்டர் என்ற சிறு மையங்களை வைத்திருக்கிறது. போடியிலும் உண்டு. நம்மில் பலர் கண்ணாடி மாற்ற அங்கே போயிருப்போம். பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்து விவரத்தை ஏற்றுகிறார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நம்மோடு பேசி முடிவு சொல்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன், இணைய வசதி சரியாக இல்லாத காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை கோபுரங்களைக் கொண்டு தேனி மருத்துவமனையை இப்படிப்பட்ட மையங்களோடு இணைத்துக் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் மூன்று பாகங்கள் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் மருத்துவர், நடுவில் தொடர்பு, இந்தப் பக்கம் பழகிய ஒரு கை. ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

நடுவில் தொடர்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெட்டிமுடியே சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பக்கம், தேயிலைத் தோட்ட லயங்கள் மேல் மலை சரிந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர். அவர்களில் மிகப் பலர் நம் தமிழ் மக்கள், கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள். மழையில் மின்சாரமும் போய், போனும் இல்லாமல் போனதால் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்ததே மறுநாள் காலையில்தான். எத்தனை பெரிய நிபுணர் திரைக்கு முன் தயாராக உட்கார்ந்திருந்தாலும் அந்த இரவில் பயன் இருந்திருக்காது.

வங்கியில் கவுன்டருக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்ட வார்த்தை, ‘லிங்க் இல்லை’. கணினி வந்த பிறகும் முக்கியமான கணக்குகளைத் தாளில் அச்செடுத்து வைப்போம். லிங்க் போனாலும் அவசரத்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க அது உதவும். மருத்துவத்துக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும்.

தொடர்பும் பாதையும் இரண்டும் போன இடத்தில் மனிதர்தான் போக வேண்டும். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில், பாலம் அடித்துப் போன ஆற்றைக் கம்பிவடத்தில் தொங்கியபடி கடந்து, மருந்துப் பெட்டியோடு அக்கரை போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார் நீலகிரி மாவட்டச் செவிலியர் சபீனா. தமிழக அரசு அவருக்கு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பழகிய கை என்று நான் சொன்னது இதைத்தான்.

இப்போது நம் கையில் உள்ளவை என்ன? மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே போனில் மருத்துவரைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தமிழகத்தில் 104-க்கு அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். பேரிடருக்குப் பின் தூக்கமின்மை, பயம், துக்கம் என்றால் 14416, டெலி மனஸ் எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், அவசர நிலையில் முதலுதவி, உயிர்காக்கும் நடவடிக்கை, மருத்துவமனைக்குப் போகும் ஆலோசனை ஆகியவற்றுக்கே போன் பேச்சு என்று வரையறுக்கின்றன. நெஞ்சு வலிக்கு 108-ஐ அழைக்காமல் செயலியைத் திறந்து உட்காரக் கூடாது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஐந்து வேண்டுகோள்.

முதலாவது, ஒரு தாள். வீட்டுக்கு ஒன்று. யார் யார் இருக்கிறார்கள், இரத்த வகை, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாத மருந்து, இன்சுலின், டயாலிசிஸ், கர்ப்பிணி இருந்தால் அந்த விவரம், வெளியூர் உறவினர் ஒருவரின் எண். உறையிலிட்டு ஒட்டிச் செயலாளரிடம் இருக்கட்டும். அவசரத்தில் மட்டும் பிரிக்க வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சாதாரணச் சளி, மூட்டுவலிக்காவது ஒரு முறை இ-சஞ்சீவனியில் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பழக்கிக் கொடுங்கள்.

மூன்றாவது, போனில் சொல்லும் முறை. இடம், நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், மூச்சும் நினைவும் உண்டா. இந்த வரிசையில் சொல்லுங்கள். போடிமெட்டுக்கு மேலே போனால் கோபுரம் எந்த மாநிலத்தது என்று தெரியாது. 108-க்கு அடித்தால் அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்கும் போகலாம். ஆகவே வாயைத் திறந்ததும் ‘தமிழ்நாடு, தேனி மாவட்டம்’ என்றோ ‘கேரளா, இடுக்கி மாவட்டம்’ என்றோ சொல்லிவிடுங்கள். சிக்னல் மெலிந்திருந்தால் வீடியோ வேண்டாம், குரல் போதும். குரலும் போகவில்லையென்றால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். காயம்பட்டவரின் படத்தை மருத்துவர் கேட்டால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். எந்தக் குழுவிலும் போடாதீர்கள்; அந்தப் படத்தை அவருடைய தாயும் பார்க்க நேரலாம்.

நான்காவது, முதலுதவிப் பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. தளத்துக்கு இருவர் கற்றுக்கொண்டால் போதும். வெந்த இடத்தில் பேஸ்ட், மஞ்சள், மை பூசாமல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுவது, வீங்குவதற்கு முன் மோதிரம் வளையல் கழற்றுவது, ஒட்டிய துணியைப் பிய்க்காமலிருப்பது இவையெல்லாம் கற்றுத்தான் வர வேண்டும். மண்ணுக்கடியில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரை அவசரமாக இழுத்தெடுப்பதும் ஆபத்து. அழுத்தம் நீங்கியதும் நசுங்கிய தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். அந்த இடத்தில் தூக்குவதற்கு முன்பே போனில் ஒரு மருத்துவரின் சொல் கிடைத்தால், அது உயிரைக் காக்கும்.

ஐந்தாவதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். குரங்கணியில் முதலில் போய்ச் சேர்ந்தவர் யார் என்று சொன்னேன். அடுத்த முறையும் அவர்கள்தான் முதலில் போவார்கள். நமக்குப் பயிற்சி நடக்கும் நாளில் நம் தெருவழியே மலையேறும் ஜீப் ஓட்டுநர்களையும், தோட்டத்துக்குப் போகும் அக்கா தங்கைகள் சிலரையும் அழைப்போம். அன்றைக்கு அவர்களுக்குக் கூலி போகும். அந்தக் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு முதலுதவிப் பெட்டியும், சார்ஜ் ஏற்றிய ஒரு பவர் பேங்க்கும் வாங்கி வைப்போம். பொங்கல் விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். பொருளாளர் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

இதைத் தீர்மானமாகவே முன்வைக்கிறேன். ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே சொல்லலாம். இல்லையென்றால் வீட்டுக்கு வீடு தாள் கொடுக்கும் வேலையை வரும் ஞாயிறு காலை நானே தொடங்குகிறேன். கதவைத் தட்டினால் திறங்கள், மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள்.