ஒரு சந்தையை ஊரே காப்பாற்றிய கதை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"சியாட்டில்ல இருந்து வர்றே, கம்ப்யூட்டரைப் பத்தித்தான் பேசுவே" என்று சங்கச் செயலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் காய்கறிச் சந்தையைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிவில் கடைசி வருஷத்தில் என் ப்ராஜெக்ட், நம்ம காலேஜுக்குப் பின்னால் இருக்கிற பழைய கடைத்தெருவை இடித்துவிட்டு மூன்று மாடி வணிக வளாகம் கட்டுவது. அருமையான வரைபடம். நல்ல மார்க் வந்தது. அந்தத் தெருமுனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஆயாவிடம்தான் நாங்கள் நாலு வருஷமும் கடன் சொல்லிப் பழம் வாங்கித் தின்றோம். அந்த ஆயாவுக்கு என் வரைபடத்தில் ஓர் அடி இடம்கூட இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக யாரும் மார்க்கைக் குறைக்கவும் இல்லை!

சியாட்டிலுக்குப் போன பிறகுதான் தோன்றியது. அங்கே கடலை ஒட்டிய மேட்டில் பைக் ப்ளேஸ் மார்க்கெட் என்று ஒரு சந்தை. பிறந்தது 1907 ஆகஸ்ட் 17. காரணம் நம்ம ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: வெங்காய விலை! ஒரே வருஷத்தில் பவுண்டு 10 சென்டிலிருந்து ஒரு டாலராக ஏறிவிட்டது. லாபம் நடுவில் இருந்த மொத்த வியாபாரிகளுக்கு. விவசாயிக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. தாமஸ் ரெவெல் என்ற நகரமன்ற உறுப்பினர், விளைவித்தவரே நேரில் வந்து விற்கட்டும் என்று ஒரு தெருவை ஒதுக்க வைத்தார். முதல் நாள் வந்தவை பத்துப் பன்னிரண்டு வண்டிகள்கூட இருக்காது. மத்தியானத்துக்குள் எல்லாம் காலி.

அப்புறம் சந்தை செழித்தது. அங்கே விற்ற விவசாயிகளில் மிகப் பெரும் பகுதியினர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942-ல் போரைக் காரணம் காட்டி, அமெரிக்கக் குடிமக்களாக இருந்தவர்கள் உட்பட அவர்கள் அத்தனை பேரையும் முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்த பிறகும் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1930-களின் கடைசியில் ஐந்நூறுக்கு மேல் இருந்த விவசாயிகள் பத்து வருஷத்தில் நூறுக்கும் கீழே போனார்கள். ஒரு சந்தை "தானாக நசித்துப்போச்சு" என்று யாராவது சொன்னால், யார் கையால் நசித்தது என்று நான் கேட்பேன். இந்த வழக்கம் அங்கேதான் வந்தது. அந்த விவசாயிகளை நினைவுகூர்ந்து 1999-ல் சந்தை வாசலில் ஒரு சித்திரம் வைத்தார்கள். ஐம்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

ஆள் குறைந்தால் கட்டடம் பாழாகும். 1963-ல் நகராட்சியும் நகர மையத்துப் பெரிய வணிகர்களும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். சந்தையை இடித்துவிட்டு ஹோட்டல், அலுவலகக் கோபுரம், பெரிய கார் நிறுத்தம். என் ப்ராஜெக்டேதான், கொஞ்சம் பெரிய அளவில்! அதை எதிர்த்து விக்டர் ஸ்டைன்ப்ரூக் என்ற கட்டடக்கலைப் பேராசிரியரும் நண்பர்களும் 1964-ல் 'சந்தையின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மனிதர் மணிக்கணக்காகச் சந்தையில் உட்கார்ந்து, கடைகளையும் கடைக்காரர்களையும் கோட்டோவியமாக வரைந்துகொண்டே இருப்பாராம். 1968-ல் அவை புத்தகமாகவே வந்தன. நானும் வரைந்தேன், அவரும் வரைந்தார். அவர் ஓவியத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

ஏழு வருஷம் மனு, கூட்டம், ஊர்வலம். நகரமன்றம் அசையவில்லை. கடைசியில் கையெழுத்து வாங்கி, விஷயத்தை நேராக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். எந்த நேரத்தில் தெரியுமா? போயிங் கம்பெனி ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று கேலியாக விளம்பரப் பலகை வைத்த ஊர் அது. "வேலை தரும் கட்டுமானத்தைத் தடுக்கிறீர்களே" என்று கேட்டால் பதில் சொல்வது சுலபமில்லை. போதாததற்கு, எதிர்த்தரப்பும் "நாங்களும் சந்தையைக் காப்பாற்றத்தான் போகிறோம்" என்றது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது 1.7 ஏக்கர். இவர்கள் கேட்டது 7 ஏக்கர். 1971 நவம்பர் 2 அன்று 76,369 பேர் 7 ஏக்கருக்கும், 53,264 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள்.

மாணவர்களே, இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜெயித்தாச்சு, கட்டடம் நிற்கிறது. ஆனால் கூரை ஒழுகுகிறது. அழகு பண்ணினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் கீரை விற்பவர் போய்விடுவார். மாடியில் மலிவு அறைகளில் கிடந்த வயதான கூலித் தொழிலாளிகளும் போய்விடுவார்கள். பழைய கடைத்தெருக்களை "மீட்ட" பல ஊர்களில் கட்டடம் பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை.

இவர்கள் என்ன செய்தார்கள்? இடிப்பதற்கென்று வரவிருந்த மத்திய அரசுப் பணத்தையே புதுப்பிக்கத் திருப்பினார்கள். 1973-ல் சந்தையை நிர்வகிக்க ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். அதன் ஆட்சிக்குழுவில் 12 பேர். அதில் 4 பேரைத் தேர்ந்தெடுப்பது ஒரு டாலர் சந்தா கட்டிய சாதாரண மக்கள். எந்தக் கடையில் என்ன விற்கலாம், பலகை எவ்வளவு பெரிசு என்பதைப் பார்க்கத் தனியாக ஓர் ஆணையம். பல கிளைகள் உள்ள சங்கிலிக் கடைக்கு இடமில்லை. "அப்போ ஸ்டார்பக்ஸ் இருக்கே?" என்று கேட்பீர்கள். 1971-ல் பக்கத்துத் தெருவில் தொடங்கி, 1976-ல் சந்தைக்குள் குடிவந்தபோது அதுவும் சின்னக் கடைதான். வளர்ந்ததை விரட்ட முடியுமா! ஏழைகளுக்கு வீடு, மருத்துவமனை, முதியோர் மையம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் சந்தைக்குள்ளேயே வந்தன. 1980-களில், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பங்கள் பூ விற்க வந்தார்கள். காலியாக இருந்த மேசைகள் மறுபடி நிறைந்தன.

தப்பும் நடந்தது. பணத்தேவைக்காக 1980-களில் கட்டடங்களைக் காகிதத்தில் மட்டும் நியூயார்க் முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். வரிச் சலுகை அவர்களுக்கு, ரொக்கம் இவர்களுக்கு. சட்டம் மாறியதும் அவர்கள் "சந்தை எங்களுடையது" என்று வந்து நின்றார்கள். வழக்காடி, 1991-ல் பணம் கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. கெட்டிக்காரத்தனமான கையெழுத்து ஒன்றைப் போடும் முன் இந்தக் கதையை நினைத்துக்கொள்வேன்.

அதே சமயத்தில் தேய்ந்துபோன தரையை மாற்ற, 35 டாலர் கொடுத்தால் உங்கள் பெயர் பொறித்த ஓடு பதிக்கிறோம் என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. (நம்ம சங்கப் பொருளாளர் குறித்துக்கொள்கிறார், கவனித்தேன்.)

இப்போது அங்கே எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். சுற்றுலாக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒரு கட்டுக் கீரை வாங்கத் திணறுகிறார். கார் விடலாமா கூடாதா என்று பல வருஷச் சண்டை. 2025-ல்தான் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் 2017-ல் விரிவாக்கம் கட்டியபோதும், வசதி குறைந்த முதியவர்களுக்கு 40 வீடுகளை அதற்குள்ளேயே வைத்தார்கள். கடல் தெரிகிற இடத்தில்! வாங்க எத்தனை பேர் துடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று காலையில் நம்ம கடைத்தெருவுக்குப் போய்வந்தேன். ஆயா இல்லை, அவர் பேத்தி அதே முனையில் செல்போன் ரீசார்ஜும் வெற்றிலையும் சேர்த்து விற்கிறார். பழைய கடனைக் கொடுக்கலாமென்று கேட்டேன். "எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாதே சார்" என்று சிரித்தார். என் ப்ராஜெக்ட் நூலகத்தில் இன்னும் இருக்கிறதாம். கட்டடக்கலையோ சிவிலோ படிக்கிற பிள்ளைகள் யாராவது எடுத்து, அந்தத் தெருவில் இப்போது எத்தனை கடை, எத்தனை குடும்பம், யாருக்கு என்ன வாடகை என்று எழுதி எனக்கு அனுப்பினால், செலவு என்னுடையது. செயலாளரிடம் என் முகவரி இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.