உடனிருந்து செய்யும் தொண்டு



குவைத் நாட்டு மருத்துவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸுமைத் (1947–2013) வசதியான வாழ்வைத் துறந்து, ஆப்பிரிக்கக் கிராம மக்களுக்குப் பல்லாண்டுகள் தொண்டாற்றினார். நன்கொடை அனுப்பியதோடு அவர் அமைதியடையவில்லை. நீரிழிவு நோயைத் தாங்கியவராய்க் கரடுமுரடான பாதைகளில் பயணித்து, கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் அமைய நேரில் நின்று உழைத்தார். பிற்காலத்தில் துணைவியாருடன் மடகாஸ்கரில் அம்மக்களிடையே வாழ்ந்தார். 1996இல் பெற்ற மன்னர் ஃபைஸல் பரிசுத் தொகையையும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் கல்விக்கே ஈந்தார்.

நம் சங்கரன்கோவிலிலும் பொருள் தருவோர் உளர். ஏழைப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லவும், துணையற்ற நோயாளியைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஆள்தான் வேண்டும். வாரத்தில் ஒரு பொழுதை ஸதகாவாகத் தர முன்வருவோர் பள்ளிவாசலில் பெயர் தாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.