வளர்ந்த பிள்ளையின் நோயும் பெற்றோரும்

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிக் கந்தளாயில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். இன்று பேசப் போவது தாயும் தகப்பனுமாக நாங்கள் கற்றுக்கொண்டதை. 'நாங்கள்' என்பது கணவரையும் சேர்த்துத்தான். இதில் ஒருவர் தனியே நின்று செய்தது எதுவுமில்லை.

எங்கள் மகனுக்கு அப்போது 21 வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். காலையில் எழும்போதே தலையிடி, சில நாளில் வாந்தி. பரீட்சைக்கு நித்திரை முழிப்பதால் என்று பனடோல் கொடுத்தோம். பிறர் பிள்ளை இதைச் சொல்லி வந்திருந்தால் உடனே ஸ்கான் எழுதியிருப்போம். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

பொங்கல் விடுமுறைக்குக் கந்தளாய் வந்தபோது வீட்டு விறாந்தையில் வலிப்பு வந்து விழுந்தான். ஓடி வந்த அயலவர் ஒருவர் கையில் திறப்பைத் திணித்தார். இன்னொருவர் வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்த்தார். இரண்டும் வேண்டாம், சகோதரிகளே. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெதுவான ஏதாவது வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முதல் தடவை வந்த வலிப்பென்றால், தானாக நின்றாலும் கட்டாயம் காட்டுங்கள்.

மூளையில் மூன்றாம் தரக் கட்டி. சத்திரசிகிச்சையில் எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கதிர்வீச்சு: கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 33 தடவை. இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குப் போய், மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சேர்ந்தோம்.

முதல்நாளே எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. நிபுணர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நாங்களே பதில் சொன்னோம். எப்போது தலையிடி, என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம். மகன் மெல்லச் சொன்னான்: "அம்மா, டொக்டர் என்னட்டத்தான் கேக்கிறார்." சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியவன் அவன். அறிய வேண்டியவனும் அவனே. நாங்கள் ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போனதுபோல நடந்துகொண்டோம். அன்றிரவு அவனிடமே கேட்டோம்: எந்தெந்த வேளையில் நாங்கள் உள்ளே வர வேண்டும், ஆருக்கு என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? அவன் சொன்னபடியே 33 நாளும் நடக்கப் பார்த்தோம். சில நாள் தவறியும் போனோம்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று பலர் கேட்கிறார்கள். துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் இளக்கி முகத்தின் மேல் படிய வைப்பார்கள். சில நிமிடத்தில் இறுகி முகமூடியாகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை மேசையோடு பூட்டி, தலை அசையாமல் வைத்துத்தான் கதிரைச் செலுத்துவார்கள். கதிர் சுடாது, நோகாது. ஆனால் அந்த அறையில் அவர் தனியே கிடக்க வேண்டும். தாயானாலும் வைத்தியரானாலும் கதவுக்கு வெளியேதான். வெளியே வந்த பிறகு உடம்பில் கதிர் ஒட்டியிருப்பதில்லை. கோப்பையைப் புறம்பாக வைக்கவோ, குழந்தைகளைத் தள்ளி வைக்கவோ தேவையில்லை.

மூன்றாம் கிழமையளவில் கதிர் பட்ட இடத்தில் முடி கொட்டியது. வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெதசோன் குளிசையால் ஓயாத பசி, நித்திரையின்மை, காரணமில்லாத கோபம். நடுச்சாமத்தில் எழும்பிப் பாண் கேட்பான், விடிந்ததும் எரிந்து விழுவான். அது மருந்தின் குணம், பிள்ளையின் குணமல்ல. இதை முன்பே அறிந்திருந்தும் எங்களுக்கு நொந்தது. அந்தக் குளிசையைச் சடுதியாக நிறுத்தக் கூடாது, வைத்தியர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் களைப்பும் முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். முடிந்த பிறகு வரும் கிழமைகளில்தான் அது கூடும். கந்தளாய்க்குத் திரும்பியபின் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தான். நோய் முற்றிவிட்டதென்று ஊர் கதைத்தது. அது கதிரின் பின்விளைவு. மெல்ல மெல்ல மாறியது. பின்னேரத்தில் குளக்கட்டில் நூறு அடி, பிறகு இருநூறு அடி என்று நடக்கத் தொடங்கினான். மோட்டார் சைக்கிளை இன்னும் தொட முடியாது, அதுதான் அவனுக்குப் பெரிய மனக்குறை.

இப்போது மாதாமாதம் மருந்து, மூன்று மாதத்துக்கொரு எம்.ஆர்.ஐ. கட்டி திரும்ப வரலாம் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "சுகம் வந்துவிட்டதா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதிலில்லை. "இன்றைக்கு எப்படி?" என்று அவனிடமே கேளுங்கள், அதற்கு அவனிடம் பதில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மகரகமவுக்கு ஒரு பெட் ஸ்கானர் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேசன் நாடெங்கும் நிதி திரட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். முன்னின்றவர், தன் மகன் புற்றுநோயால் பட்ட பாட்டைக் கண்ட ஒரு தந்தை. இன, மத பேதமின்றி மக்கள் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய காரியம் எம்மால் முடியாமல் இருக்கலாம். சிறியதொன்று முடியும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் ஆறரைக் கிழமை தங்க இடம் வேண்டும். எங்களுக்கு வகுப்புத் தோழி ஒருத்தி மகரகமவுக்கு அருகே தன் வீட்டு மேல்மாடி அறையைத் திறந்துவிட்டாள். ஒரு நாளும் வாடகை கேட்கவில்லை, நோயைப் பற்றித் துருவவும் இல்லை. இரவில் இடியப்பமும் சொதியும் படியில் வைத்துவிட்டுப் போவாள். அந்த அறை இல்லாதிருந்தால் இந்தச் சிகிச்சையை ஒழுங்காக முடித்திருப்போமோ தெரியாது.

எம் சங்கத்தவர் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். ஒதுக்கித் தரக்கூடிய அறை எவரிடம் உண்டு என்று ஒரு பட்டியல் செயலாளரிடம் இருக்கட்டும். எமது கந்தளாய் வீட்டின் முன்னறையை முதலாவதாகப் பதிந்துகொள்ளுங்கள். திருகோணமலைக்குக் கிளினிக் வருபவர்கள் எவரும் வந்து தங்கலாம்.