சாங்கியில் ஆறு மணி நேரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகும் பலருக்கு, சாங்கி விமான நிலையத்தில் ஆறேழு மணி நேரக் காத்திருப்பு அமைந்துவிடுகிறது. அதை நாற்காலியில் தூங்கியே கழிப்பது பெரிய இழப்பு.

முதல் கேள்வி விசா. எதைப் பார்க்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. விமான நிலையத்தை ஒட்டி 2019-இல் திறந்த ஜுவல் என்ற வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. உள்ளரங்க அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். ஆனால் வளாகம் இருப்பது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே. சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களே அருவியருகே நிற்க முடியும். ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி உள்ளவர்களுக்கான இலவச நகரச் சுற்றுலாவுக்கும் இதே விதிதான்.

விசா இல்லையா? கவலை வேண்டாம். மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உள்பகுதியிலேயே இருக்கிறது. பகலில் போவது நல்லது, இரவில் பூச்சிகள் ஓய்ந்துவிடும். முனையங்களுக்கிடையே ஓடும் இலவச ரயிலின் ஜன்னலிலிருந்து அருவியும் கண்ணில் படும்.

பயணச்சீட்டு வாங்கும்போதே விசா விதியையும் பார்த்துவிடுங்கள்.