திரும்பி வரும் டப்பா

டோம்பிவிலியிலிருந்து நாள்தோறும் மின்சார ரயிலேறி, மும்பையில் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வருகிறோம். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டு வீடு திரும்பினோம். மறுநாள் காலை தயிர்சாதம் தயாராயிருந்தது. எடுத்துச் செல்லத்தான் டப்பா இல்லை. காலி டப்பாவின் அருமை அன்று புலனாயிற்று.

நம் உயிரணுக்களிலும் இத்தகைய போக்குவரத்து ஓயாது நடைபெறுகிறது. சரக்கைச் சுமப்பவற்றை நுண்பைகள் எனலாம். நரம்பின் நுனியை அடைந்த நுண்பை அங்குள்ள சவ்வோடு ஒன்றித் தன்னுள்ளிருக்கும் இரசாயனத்தை வெளியிட்டால்தான் அடுத்த நரம்புக்கோ தசைக்கோ செய்தி எட்டும். அவ்வாறு ஒன்றுவிப்பவை 'ஸ்நேர்' என்னும் புரதங்கள். நுண்பையிலும் சவ்விலும் உள்ள இவை, கயிற்றின் புரிகளைப்போல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரண்டையும் நெருக்குகின்றன. ரண ஜன்னியின் நச்சு இப்புரதங்களுள் ஒன்றை வெட்டிவிடுவதாலேயே நோயாளியின் தசைகள் விறைக்கின்றன.

வேலை முடிந்தபின் அம்முறுக்கைப் பிரித்தாக வேண்டுமல்லவா? அப்பணியைச் செய்வது என்.எஸ்.எஃப். என்னும் புரதம். ஆறு கூறுகள் வளையமாக அமைந்த இது, ஏ.டி.பி. என்னும் இரசாயனத்தின் சக்தியைச் செலவிட்டு முறுக்கை அவிழ்க்கிறது. விடுபட்ட புரதங்கள் மீண்டும் பணிக்குச் செல்கின்றன. மனிதரில் இதற்குரிய மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது.

இக்கதையில் மும்பைக்கும் பங்குண்டு. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைது சித்திக்கி. வெப்பம் மிகுந்தால் செயலற்று விழும் பழ ஈக்களைப் பற்றி, அமெரிக்க விஞ்ஞானி ஸைமூர் பென்ஸருடன் சேர்ந்து அவர் 1976இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அவற்றுள் 'கோமடோஸ்' என்ற வகை, வெப்பம் தணிந்த பின்னும் எளிதில் எழுவதில்லை. காரணம் அப்போது விளங்கவில்லை. 1980களில் ஜேம்ஸ் ராத்மன் குழுவினர் என்.எஸ்.எஃப். புரதத்தைப் பிரித்தெடுத்தனர். கோமடோஸ் ஈயில் பழுதுற்றிருப்பது அதே புரதத்துக்குரிய மரபணுவே என்பது 1995இல் தெரிய வந்தது. அவ்வீயை வெப்பம் தாக்கினால் முறுக்குகள் அவிழாமல் குவிகின்றன. நுண்பைகள் வாயிலில் வந்து நின்றும் சரக்கை இறக்க இயலுவதில்லை.

நுண்பைப் போக்குவரத்தை விளக்கியதற்காக ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் ஸுதோஃப் ஆகிய மூவருக்கும் 2013 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பெற்றது. சித்திக்கி அவ்வாண்டு ஜூலையிலேயே மறைந்துவிட்டார். எனினும், மயங்கி விழுந்த ஒரு சிறு ஈயைப் பொருட்படுத்தி நோக்கிய அவரது பொறுமை அந்த அறிவில் கலந்தே இருக்கிறது.

கட்டுவதற்கு இருக்கும் புகழ் அவிழ்ப்பதற்கு இல்லை. ஆயினும் அவிழ்ப்பவர் ஓய்ந்தால் மறுநாள் வேலை நடவாது. மாலை ரயிலில் மடிமீது காலி டப்பாவோடு அமரும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்கிறோம்.