வீட்டுக்குள் ஒரு லேத்

சுழலும் உலோகத் துண்டை உளியால் சீவி உருக்கொடுக்கும் கடைசல் இயந்திரமாகிய லேத்தை, சிங்கப்பூரில் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது விலையை அன்று, தரையையும் மின்சாரத்தையுமே ஆகும். மக்களுள் பெரும்பாலோர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளின் தரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்னும் பாரக் கணக்கில் அமைந்திருப்பதாலும், சுவர்ச் செருகியில் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரமே கிடைப்பதாலும், பட்டறைகளில் ஓடும் கனத்த மும்முனை லேத்துக்கு அங்கே இடமில்லை. ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள மேசை லேத்தே பொருந்தும். அதன் சுழல்விட்டம், அதாவது லேத்தின் நீண்ட அடித்தளமான படுகைக்கு மேல் தட்டாமல் சுழலக்கூடிய துண்டின் உச்ச விட்டம், 180 மில்லிமீட்டர் என்றால், உளியைத் தாங்கும் சறுக்கியின் மேல் அது வெகுவாகக் குறையும். விளம்பரங்கள் இதைப் பெரிதாக எழுதுவதில்லை.

பழைய லேத்தைத் தேடி, தேக்காவை அடுத்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்கு இனிச் செல்ல முடியாது; அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. எங்கு வாங்கினும், பழைய லேத்தில் துண்டைப் பற்றும் ‘சக்’ என்னும் பிடிப்பானை ஒட்டிய படுகைப் பகுதியே அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால், சறுக்கியை அங்கே தளர்வின்றி முறுக்கிவிட்டு மறுமுனைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். பாதிவழியில் அது இறுகி நின்றால் தேய்மானம் மிகுதி. ஈரக்காற்று நிறைந்த சிங்கப்பூரில், வேலை முடிந்ததும் படுகையைத் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால், புதிய லேத்தும் விரைவில் துருப்பிடிக்கும்.