நாள் பார்த்தாயிற்று, வலிக்கு என்ன ஏற்பாடு?

(அம்பர்நாத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநல சர்வேயின்படி மகாராஷ்டிராவில் 100 பிரசவத்தில் 25, தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சிசேரியன். முன்கூட்டியே தேதி குறிப்பதென்றால் நாம் பஞ்சாங்கத்தைப் பிரித்து, நட்சத்திரமும் ராகுகாலமும் பார்த்து டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுகிறோம். அன்று ராத்திரி பெண் வலியில் துடிப்பாளே, அதற்கு என்ன ஏற்பாடு என்று ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே, முதுகில் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்துகிறார்கள். 1898ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்த முறை. மார்புக்குக் கீழே மரத்துப்போகும். தாயார் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம். "அந்த ஊசியால்தான் ஆயுசுக்கும் இடுப்புவலி" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆராய்ச்சிகளில் அது நிரூபணமாகவில்லை. ஊசியே போடாமல் பிரசவித்தவர்களுக்கும் இடுப்புவலி வருகிறது. குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம், அவ்வளவே.

மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். ஆகவே அதே ஊசியில் 100 மைக்ரோகிராம் போல, துளியளவு மார்ஃபின் சேர்ப்பதுண்டு. ஒரு நாள் வரைகூட வலி தணிந்திருக்கும். அரிப்பு, குமட்டல் வரலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. மூச்சைக் கவனித்துக்கொள்ள நர்ஸ் மட்டும் அவசியம். மார்ஃபின் இல்லாத இடத்தில் வயிற்றுச் சுவரில் மரக்கும் ஊசி போடலாம். கூடவே பாராசிட்டமாலும் இபுப்ரோஃபென் வகை மாத்திரையும், வலி வரட்டும் என்று காத்திராமல், மணிப்பிரகாரம் கொடுக்க வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"பால் கொடுக்கிறவள் மாத்திரை சாப்பிடக் கூடாது" என்கிற பாட்டிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும். இவை பாலில் மிகக் கொஞ்சமே சேரும். வலியோடு இருப்பவளால்தான் குழந்தையை அணைத்துப் பால் கொடுக்க முடியாது. எழுந்து நடக்கவும் மாட்டாள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் வேறு.

என் பேத்தியின் பிரசவத்துக்கு முன்தினமே மயக்க டாக்டரைப் பார்த்துக் கேட்டோம். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் விளக்கினார். இன்னொன்றும் சொன்னார்: உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால், வீட்டுக்குப் போன பிறகானாலும் உடனே தெரிவிக்க வேண்டும். அது முதுகு ஊசியால் வருவது; சிகிச்சை உண்டு.